எருக்கலை: மணல் நிலத்தில் வாடாத செடி

எருக்கு முளைத்த வீடு என்றால் பாழடைந்த வீடு என்று பொருள். குடியிருந்தோர் நீங்கிய வளவிலும், கூரை சரிந்த முற்றத்திலும் அச்செடி தானாகவே முளைத்து வளர்வதை எல்லோரும் கண்டிருப்பர். இதனாலேயே ஒருவரைச் சபிக்குமிடத்து, அவர் வீட்டில் எருக்கு முளைக்க வேண்டும் என்று கூறும் வழக்கம் தமிழ் மக்களிடையே உண்டாயிற்று. ஆயினும் வளவைப் பாழாக்கியது எருக்கு அன்று. வேறு செடிகள் வேரூன்ற அஞ்சும் நிலத்தில் முதலாவதாக வேரூன்றியதே அது செய்த குற்றமாகும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், வினாயகபுரம் ஆகிய ஊர்களை அடுத்துக் கடற்பக்கமாக மணல் நிலமும், அதற்கு மேற்கே வயல் நிலமும் அமைந்துள்ளன. மணல் நிலத்தில் மரக்கறித் தோட்டமும், வயல் நிலத்தில் வேளாண்மையும் செய்யும் கமக்காரர் நாள்தோறும் எருக்கலையைக் கடந்து செல்கின்றனர். பலர் அதனை வெறும் பற்றையென எண்ணி வெட்டி எரிக்கின்றனர். சிலர் அதன் இயல்பு அறியாது கையாண்டு கண்ணுக்குத் தீங்கு தேடிக்கொள்கின்றனர். இச்செடியின் அழகையும், அது வரட்சியைத் தாங்கும் முறையையும், கமத்துக்கு அதனால் வரும் நன்மையையும், அதனிடத்து இருக்க வேண்டிய எச்சரிக்கையையும் எடுத்துரைப்பதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பெயரும் உறவும்

எருக்கு, எருக்கலை என்று தமிழிலும், வரா என்று சிங்களத்திலும் வழங்கும் இச்செடிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் கலோற்றொப்பிஸ் ஜைகாந்தியா என்பது. இப்பெயரின் முற்பகுதி இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆயது. ஒன்று அழகு என்றும், மற்றது தோணியின் அடிமரமாகிய ஏரா என்றும் பொருள்படும். பூவின் நடுவே எழுந்து நிற்கும் ஐந்து மடல்களும் தோணியின் ஏராவை ஒத்திருப்பதால் இப்பெயர் அமைந்தது. கடலோரத்து மணலில் வாழும் செடிக்குத் தோணியின் பெயர் வாய்த்தது பொருத்தமே.

இதன் நெருங்கிய உறவினமான மற்றோர் எருக்கு, ஆபிரிக்காவின் சகாராப் பாலைவனத்து ஓரங்களிலும், அரபு நாடுகளிலும், இந்தியாவின் இராசத்தான் மணற்பரப்பிலும் வளர்கின்றது. அரபு மொழியில் அதனை உஷர் என்பர். எமது எருக்கலை தென்னாசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் உரியது. இவ்விரண்டையும் பூவைக் கொண்டு பிரித்தறியலாம். எமது செடியின் பூவிதழ்கள் விரிந்து வெளிப்புறமாக வளைந்திருக்கும். பாலைவனத்து எருக்கின் இதழ்கள் நிமிர்ந்து, நுனியில் ஊதா நிறம் கொண்டிருக்கும். குணத்தில் இரண்டும் ஒன்றே. மழை குறைந்த, மணல் மிகுந்த, கால்நடை மேய்ந்து வெறுமையாக்கிய நிலத்தில் இரண்டும் தழைத்து நிற்கும்.

பூவின் அழகு

எருக்கலையில் இளஊதா நிறப் பூப் பூப்பதும், வெண்ணிறப் பூப் பூப்பதும் என இரு வகை உண்டு. வெண்ணிறப் பூவுடையதை வெள்ளெருக்கு என்பர். பூ ஒவ்வொன்றும் மெழுகில் வார்த்தது போன்ற ஐந்து இதழ்களைக் கொண்டது. அவற்றின் நடுவே முடி ஒன்று கவிழ்த்து வைத்தாற் போன்ற அமைப்புக் காணப்படும். பறித்த பின்னும் இப்பூ விரைவில் வாடுவதில்லை. இதனால் மாலை தொடுப்பதற்கு மிகவும் ஏற்றது.

விநாயகருக்கு எருக்கம்பூ மாலை சாத்துவது சைவ மக்களின் பழைய வழக்கம். விநாயகரின் பெயரைக் கொண்ட வினாயகபுரம் போன்ற ஊருக்கு இச்செடி அயலானதன்று. சங்க காலப் புலவராகிய கபிலரும் புறநானூற்றுப் பாடல் ஒன்றில், எளிய எருக்கம்பூவை ஒருவர் சூட்டினாலும் கடவுளர் அதனை வேண்டாமென்று விலக்குவதில்லை என்னும் கருத்தைக் கூறியுள்ளார். தாய்லாந்தில் இப்பூவின் பெயரும் அன்பு என்னும் சொல்லும் ஒன்றே. ஆதலால் அந்நாட்டார் மணமாலைகளில் இதனைச் சேர்ப்பர். பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளின் இறுதி அரசியான லிலியுகலானி இப்பூமாலையைப் பெரிதும் விரும்பி அணிந்தார். எமது ஊரில் சாபச் சொல்லுக்கு உரியதான செடி வேற்று நாடுகளில் மணப்பெண்ணுக்கும் அரசிக்கும் அணியாயிற்று.

பூவின் அமைப்பில் கமக்காரர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மற்றப் பூக்களிற் போல் எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. இரண்டு சிறு பைகளாக இணைந்து, பூவின் நடுவிலுள்ள பிளவுகளில் மறைந்திருக்கும். தேன் உண்ண வரும் வண்டின் கால் அப்பிளவில் அகப்படும். வண்டு காலை இழுக்கும்போது அப்பைகளும் உடன் வெளிவந்து, அடுத்த பூவுக்குச் செல்லும். சிறிய பூச்சிகளுக்கு இதற்குப் போதிய வலு இல்லை. மரத்தைத் துளைத்துக் கூடு செய்யும் பெரிய கருவண்டுகளே இவ்வேலையைச் செவ்வனே செய்கின்றன.

இக்கருவண்டுகள் கத்தரி, கொடித்தோடை முதலியவற்றின் பூக்களுக்கும் வந்து மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவன. தோட்டத்தில் பூ இல்லாத காலத்திலும் எருக்கலையில் பூ இருக்கும். ஆண்டு முழுவதும் அது பூப்பதால், வரண்ட மாதங்களில் வண்டுகளுக்கு உணவளித்து அவற்றைத் தோட்டத்தின் அயலிலேயே தங்கவைக்கின்றது. வேலியோரத்தில் நிற்கும் சில எருக்கலைச் செடிகள் கத்தரித் தோட்டத்துக்குச் செய்யும் இவ்வுதவி வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆயினும் காய்பிடிப்பு அதனையும் பொறுத்ததே.

வரட்சியைத் தாங்கும் வகை

இக்கரையோரத்துக்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றினாலேயே கிடைக்கின்றது. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழைக்குப் பின்னர் நெடிய வரட்சி தொடரும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெப்பமும் வரட்சியும் உடையது. அக்காற்று வீசும் நாட்களில் மணல் நிலத்துப் புல் கருகிவிடும். தோட்டத்துப் பயிருக்குக் காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். அக்காலத்திலும் எருக்கலை பசுமை மாறாது நிற்கின்றது. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது காரணம் இலை. எருக்கலையின் இலை தடித்தது. அதன் மேல், சிறப்பாக அடிப்பக்கத்தில், வெண்ணிறமான நுண்மயிர்ப் படலமும் மெழுகுப் பூச்சும் உண்டு. இலையை விரலால் தேய்த்தால் சாம்பல் போன்ற பொருள் விரலில் ஒட்டும். அவ்விடத்தில் கரும்பச்சை நிறம் தோன்றும். இவ்வெண்மை சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பி இலை சூடேறாது காக்கின்றது. மயிர்ப் படலம் காற்று இலைவாய்களின் மீது நேரே வீசாது தடுக்கின்றது. இதனால் இலையிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவது குறைகின்றது. கடற்காற்றில் வரும் உப்புத் துளியும் இப்பூச்சின் மேலேயே பெரும்பாலும் தங்கிவிடும்.

இரண்டாவது காரணம் வேர். எருக்கலைக்கு ஆழமாகச் செல்லும் ஆணிவேர் உண்டு. பாலைவனத்து எருக்கின் வேர் மணலில் 3 மீற்றர் ஆழம் வரையும் செல்வதாக அறியப்பட்டுள்ளது. மணலின் மேற்பரப்பு நெருப்பாகச் சுடும்போதும் ஆழத்தில் ஈரம் இருக்கும். அவ்வீரத்தை எட்டும் வேருடைய செடிக்கு மேற்பரப்பின் வரட்சி பெரிய தீங்கன்று. மிளகாய்க்கும் கீரைக்கும் இவ்வாறான வேர் இல்லாமையாலேயே அவை ஒரு நாள் நீர் தவறினும் வாடுகின்றன.

மூன்றாவது காரணம் மீண்டும் தளிர்க்கும் ஆற்றல். எருக்கலையை நிலமட்டத்தில் வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பும். தீயினால் மேற்பகுதி கருகிய செடியும் அவ்வாறே தளிர்ப்பதைக் காணலாம்.

நான்காவது காரணம் விதை. முற்றிய காய் வெடித்ததும் அதனுள் அடுக்கடுக்காக இருக்கும் தட்டையான விதைகள் வெளிவரும். ஒவ்வொரு விதையின் நுனியிலும் பட்டுப் போன்ற வெண்பஞ்சுக் கற்றை உண்டு. காற்று அதனை ஏந்தி நெடுந்தூரம் கொண்டு செல்லும். மற்றச் செடிகளை வாட்டும் காற்றே எருக்கலைக்கு விதைப்பவனாக அமைகின்றது. இப்பஞ்சை முன்னோர் தலையணைக்கு அடைத்தனர். தண்டின் பட்டையிலிருந்து உரித்த வலிய நாரால் கயிறும் மீன்பிடி நூலும் திரித்தனர்.

பாலும் அதன் பகைவரும்

எருக்கலையின் எப்பகுதியை ஒடித்தாலும் வெண்பால் வடியும். இப்பால் இரு வகையிற் செடியைக் காக்கின்றது. காயம்பட்ட இடத்தில் உறைந்து அதனை மூடுவது ஒன்று. உண்ண வரும் உயிரைத் துரத்துவது மற்றது. இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்களும், புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களும் இப்பாலில் உண்டு. ஆடும் மாடும் இச்செடியைப் பெரும்பாலும் தொடாது செல்வதற்கு இதுவே காரணம். மேய்ச்சலால் வெறுமையான நிலத்தில் எருக்கலை மாத்திரம் எஞ்சி நிற்பதும் இதனாலேயே.

ஆயினும் இந்நஞ்சையும் வென்ற உயிர்கள் சில உள. செம்மஞ்சள் இறகும், கரிய ஓரமும், அவ்வோரத்தில் வெண்புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று எருக்கலையின் இலையிலே முட்டையிடும். அதன் புழு கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த வரிகளுடன், முதுகில் மூன்று சோடிக் கரிய இழைகளைக் கொண்டது. அப்புழு எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். எனவே பறவைகள் புழுவையும் அதிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சியையும் உண்ண விரும்புவதில்லை. இப்புழு எருக்கும் அதனை ஒத்த பாலுள்ள செடிகளும் அன்றி, நெல்லையோ கத்தரியையோ உண்பதில்லை. ஆகையால் இதனைக் கண்டு பூச்சிநாசினி தெளித்தல் வீண்செலவாகும்.

இளந்தண்டுகளில் மஞ்சள் நிறமான அழுகணிப் பூச்சிகள் கூட்டமாக இருப்பதையும் காணலாம். இவை பெரும்பாலும் எருக்கு, அலரி முதலிய செடிகளுக்கே உரியவை. இவற்றை உண்பதற்குப் பொறிவண்டுகள் வந்து பெருகுவதுண்டு. அப்பொறிவண்டுகள் அயலிலுள்ள பயற்றை, மிளகாய்ப் பாத்திகளின் அழுகணிகளையும் உண்ணும். தோட்டத்தைச் சூழ எல்லாவற்றையும் வெட்டி எரித்து வெறுமையாக்கும் கமக்காரர், தமக்கு உதவும் இவ்வேலையாட்களையும் உடன் ஓட்டிவிடுகின்றனர்.

மணல் நிலத்தில் அதன் பணி

மணல் நிலத்தின் பெருங் குறை, அது ஓரிடத்தில் நில்லாமையாகும். மூடுவதற்குச் செடி இல்லாத மணல் காற்றில் நகர்ந்து வாய்க்காலை மூடும், நாற்றுமேடையை மூடும், இளம் பயிரின் இலையை அராவிக் காயப்படுத்தும். கடலுக்கு மிக அண்மையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பின்னிப் பிடிக்கின்றன. அவற்றின் பின்னே தாழையும் எருக்கலையும் நின்று காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது பழமொழி. இச்செடிகள் யாவும் திரண்டு நிற்கும் இடத்தில் மணல் அடங்கி நிற்கும். உதிரும் இலை மணலில் மக்கிச் சிறிது சிறிதாக மண்ணைத் திருத்தும். பின்னர் அவ்விடத்தில் வேறு செடிகளும் முளைக்கும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமாகும். அத்தகைய அலையைப் பற்றைச் செடிகள் தடுத்து நிறுத்தும் என்று எவரும் நம்பியிருத்தல் ஆகாது. ஆனால் அலை என்பது எப்போதோ வருவது. காற்றும் உப்பும் மணலும் நாள்தோறும் வருவன. நாள்தோறும் வரும் இம்மூன்றையும் எதிர்க்கக் கரையோரச் செடிகளே கமக்காரருக்குள்ள செலவில்லாத வேலியாகும். வளவு திருத்தும்போது கடற்பக்கத்துப் பற்றைகளை இயந்திரத்தால் முற்றாக வழித்தெடுப்பவர், அதன் விளைவைத் தம் தோட்டத்தில் காண்பர்.

எருக்கலை வாழும் முறையிலிருந்து தோட்டக்காரர் கற்கத்தக்க பாடமும் உண்டு. இச்செடி வெயிலை எதிர்ப்பது தன்னை மூடிக்கொள்வதனால். நீரைப் பெறுவது ஆழத்தை நாடுவதனால். மணலில் மரக்கறி செய்வோரும் இவ்விரண்டையும் கைக்கொள்ளலாம். பாத்தியின் மேற்பரப்பை வைக்கோல், தென்னோலை, உலர்ந்த சருகு ஆகியவற்றால் மூடுக. கத்தரி, மிளகாய், வெண்டி நடும் குழிகளை ஆழமாக வெட்டி, அடியில் கூட்டெருவும் தென்னந்தும்புத் தூளும் இடுக. வேர் ஆழத்தை நாடிச் செல்லும். ஊற்றிய நீரும் வீணே கீழிறங்காது நிற்கும்.

வயலுக்குப் பசுந்தாட் பசளை

நெல் வயலுக்கு எருக்கந் தழையை மிதித்து இடுவது தமிழ்க் கமக்காரரின் பழைய முறை. இத்தழை மென்மையானது. சேற்றில் விரைவாக அழுகும். பெரும்போக விதைப்புக்கு முன், வரட்சி முடியும் காலத்தில், வேறு பச்சைத் தழை அரிதாக இருக்கும்போது எருக்கலை தழையோடு நிற்பது இதன் சிறப்பு.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களிலும், அதனைத் தொடர்ந்த 2021/22 பெரும்போகத்திலும் வேளாண்மை செய்தோர் அடைந்த இடரை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்விடர் இரண்டு உண்மைகளை உணர்த்திற்று. சேதனப் பசளையை ஒரே போகத்தில் திடீரென உண்டாக்க முடியாது என்பது ஒன்று. வெளியிலிருந்து வரும் மூடை ஒன்றையே நம்பிய வயல், அம்மூடை வராத நாளில் கைவிடப்படும் என்பது மற்றது. ஆகையால் பசளை தாராளமாகக் கிடைக்கும் காலத்திலேயே, அயலிலுள்ள தழையைப் பயன்படுத்தி மண்ணின் சேதனப் பொருளைப் பேணிவருதல் அறிவுடைமையாகும்.

இதன் அளவையும் எல்லையையும் தெளிவாக அறிந்துகொள்க. எருக்கலை அவரையினத்தைச் சேர்ந்ததன்று. சணல், கிளிசிறிடியா ஆகியவற்றைப் போல வளியிலுள்ள நைதரசனை அது மண்ணில் நிலைநிறுத்துவதில்லை. தன் வேர் எடுத்துத் தந்ததையே தழை மூலம் வயலுக்குத் தருகின்றது. தமிழ்நாட்டில் நெல் வயலுக்கு ஹெக்டயருக்கு 6.25 தொன் பசுந்தழை இடுமாறு பரிந்துரைப்பர். இது ஏக்கருக்கு ஏறக்குறைய 2½ தொன், அதாவது சுமார் 50 அந்தர் ஆகும். இவ்வளவு தழையை எருக்கலையிலிருந்து மாத்திரம் பெற இயலாது. பெற முயல்வதும் தகாது. கிளிசிறிடியா, பூவரசு, வேம்பு, ஆவாரை ஆகியவற்றின் தழையோடு ஒரு பங்காக இதனைச் சேர்த்தலே முறை. மண் பரிசோதனையின்படி பரிந்துரைக்கப்படும் பசளைக்கு இது துணையாகுமேயன்றி, அதற்கு ஈடாகாது.

இடும் முறை வருமாறு. முதலுழவு முடிந்து வயலில் நீர் கட்டிய பின், இளந்தண்டுகளையும் இலைகளையும் வெட்டி வருக. முற்றிய தண்டுகளை விலக்குக. அவை எளிதில் அழுகா. வெட்டிய தழையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வயல் முழுவதும் சீராகப் பரப்புக. பின்னர் சேற்றில் அமிழும்படி உழுது மிதிக்குக. விதைப்புக்கோ நடுகைக்கோ குறைந்தது இரண்டு கிழமைகளுக்கு முன்னதாக இவ்வேலையை முடித்தல் வேண்டும். இக்கால இடைவெளியைக் குறைத்தல் ஆகாது. அழுகிக்கொண்டிருக்கும் தழையில் உண்டாகும் அமிலங்கள் இளவேரைத் தாக்கும். அன்றியும், சிதையாத எருக்கஞ் சாறு சில விதைகள் முளைப்பதைத் தடுக்கும் என்பது ஆய்வுகூடச் சோதனைகளிற் கண்ட உண்மை. முளைநெல்லை வீசி விதைக்கும் வயல்களில் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

தோட்டத்துக்குக் கூட்டெரு

மரக்கறித் தோட்டத்துக்குப் பச்சைத் தழையை நேரே இடுவதிலும், கூட்டெருவாக்கி இடுவது நன்று. நிழலான இடத்தில் நறுக்கிய எருக்கந் தழை ஒரு படை, வைக்கோல் அல்லது சருகு ஒரு படை, மாட்டெரு ஒரு படை என மாறி மாறி அடுக்குக. ஒவ்வொரு படைக்கும் நீர் தெளிக்குக. குவியல் ஈரமாக இருத்தல் வேண்டும். நீர் வடிதல் கூடாது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டிக் கொடுக்குக. இரண்டு மூன்று மாதங்களில் குவியல் கறுத்து, உதிரியாகி, மண்வாசனை பெறும். பச்சைத் தழையின் வடிவம் தெரியாத நிலையே பயன்படுத்தும் பருவம். மணல் நிலத்தில் நீரையும் பசளையையும் பிடித்து வைக்க வல்லது இத்தகைய மக்கிய எருவேயாகும்.

கவனிக்க வேண்டியவை

எருக்கலையால் வரும் பெருந் தீங்கு கண்ணுக்கே ஆகும். அதன் பால் கண்ணிற் பட்டால் கருவிழியின் உட்புறம் பாதிக்கப்பட்டு வீங்கும். பார்வை புகை மூடியது போல மங்கும். இதில் வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கக் கூடும். வலி இல்லை என்பதனால் பாதிப்பும் இல்லையென எண்ணி இருந்துவிடுவது தவறு. பால் பட்டவுடன் தூய நீரால் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் கண்ணைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். பின்னர் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தாய்ப்பால், எண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடுதல் ஆகாது.

தழை வெட்டுவோர் நீண்ட கையுள்ள சட்டையும், கையுறையும், கண்ணாடியும் அணிதல் நன்று. வெட்டும்போது கையால் முகத்தையோ கண்ணையோ துடைத்தல் கூடாது. வேலை முடிந்ததும் கையையும் கத்தியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. சிறுவரை இவ்வேலையில் ஈடுபடுத்தாதீர். பூவும் காயும் சிறுவர் மனத்தைக் கவர்வன. ஆதலின் பாலின் தீமையை அவர்களுக்கு முன்னரே சொல்லி வைத்தல் பெற்றோர் கடமை.

வெட்டிய தழையை மாட்டுத் தொழுவத்தின் அருகே குவிக்காதீர். பசித்த கால்நடை வேறு தீனியோடு கலந்து உண்டுவிடக் கூடும். தழையைக் கிணற்றிலோ குளத்திலோ ஊறவைத்தலும் ஆகாது. எருக்கிலையைக் காய்ச்சி மரக்கறிக்குத் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இலையிலுள்ளது நஞ்சு என்பதை மறவாதீர். உண்ணும் காயிலும் கீரையிலும் அதனைத் தெளித்தல் தக்கதன்று. நாட்டு மருந்தாக இதன் பாலையோ வேரையோ தகுதியுள்ள வைத்தியரின் சொல்லின்றி உட்கொள்வது உயிருக்கு ஆபத்தாகும்.

எங்கே வைப்பது, எங்கே நீக்குவது

நல்ல செடியும் இடம் தவறினால் களையாகும். பாலைவனத்து எருக்கு வட அவுஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் பரவித் தொல்லை தரும் களையாகக் கருதப்படுகின்றது. எனவே வயல் வரம்பிலும் மரக்கறிப் பாத்தியிலும் முளைக்கும் எருக்கலையை, ஆணிவேர் ஆழமாகச் செல்லுமுன் இளமையிலேயே பிடுங்கிவிடுக. வளர விட்டு வெட்டினால் அது மீண்டும் தளிர்க்கும். வேரோடு தோண்டுவதே வழியாகும்.

ஆனால் தோட்டத்தின் கடற்பக்க ஓரத்திலும், பயிர் செய்யாத மணல் மேட்டிலும், வேலியோரத்திலும் அதனை நிற்கவிடுக. தழைக்கு வெட்டும்போதும் ஒரு செடியின் கிளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர். எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டாது, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டுக. கரையை அடுத்து முதல் வரிசையில் நிற்கும் செடிகளில் கை வையாதிருத்தலே நன்று. அவை தழைக்கு உரியவை அல்ல. மணலைக் காவல் செய்வதற்கு உரியவை. பற்றைகளைத் தீயிட்டு எரிப்பதையும் அறவே விடுக. ஒரு மாலையில் எரிந்து சாம்பலாகும் தழை, மக்கவைத்தால் ஒரு பாத்திக்கு எருவாகும்.

இவ்வாண்டு வளவு திருத்த எண்ணும் கமக்காரர், கத்தியை எடுக்குமுன் தமது நிலத்தின் எப்பக்கத்திலிருந்து காற்று வருகின்றது, எப்பக்கத்திலிருந்து மணல் வருகின்றது என்பதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அப்பக்கத்தில் எருக்கலை நின்றால் அது அங்கே வேலை செய்துகொண்டிருக்கின்றது என்று அறிக. அதனை நீக்கிய பின் அவ்வேலையை யார் செய்வார் என்னும் கேள்விக்கு விடை கண்ட பின்னரே வெட்டத் தொடங்குக. பசுந்தாட் பசளை இடும் அளவு, மண் பரிசோதனை, கூட்டெரு தயாரித்தல் ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர், தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைப் பெரும்போக உழவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே கண்டு கலந்துகொள்க.